நல்லது என்று நினைத்துச் செய்தது

ரோல்-பிளேயிங் வீடியோ கேம்களில் விளையாடுபவரே கதாபாத்திரமாகக் கதைக்குள் நடமாடுகிறார். யாருக்கு உதவுவது, யாரை நம்புவது என்பதெல்லாம் அவர் முடிவு. அந்த முடிவுகளை அறச்சோதனையாக மாற்றிய முன்னோடி, ரிச்சர்ட் கேரியட் 1985-இல் உருவாக்கிய ‘அல்டிமா 4’. வீழ்த்த வேண்டிய பெரிய வில்லன் அதில் இல்லை. நேர்மை, கருணை, பணிவு போன்ற எட்டு நற்குணங்களில் தேறுவதே குறிக்கோள். மந்திர மூலிகை விற்கும் பார்வையற்ற பெண்ணிடம் எவ்வளவு காசு கொடுப்பது என்பதை விளையாடுபவரே கீபோர்டில் தட்ட வேண்டும். ஒரே ஒரு நாணயத்தைக் கொடுத்துவிட்டுப் பை நிறைய மூலிகையோடு கிளம்பலாம். அந்த இடத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் நேர்மைக் கணக்கு சத்தமில்லாமல் குறைந்திருக்கும்.

பின்னாளில் வந்த பல கேம்கள் இந்தக் கணக்கைத் திரையிலேயே காட்டத் தொடங்கின. 2007-இல் வந்த ‘மாஸ் எஃபெக்ட்’டில் இணக்கமாகப் பேசும் சிறப்பு வசனம் நீல நிறத்திலும், மிரட்டும் வசனம் சிவப்பு நிறத்திலும் தெரியும். ஒரே பக்கம் புள்ளி சேர்த்தால்தான் அந்தப் பக்கத்தின் நல்ல வசனங்கள் திறக்கும் என்பதால், பலர் நிறத்தைப் பார்த்தே தேர்ந்தெடுத்தார்கள். யோசிக்க வேண்டிய இடத்தில் புள்ளிக் கணக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

அதே 2007-இல் போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் ‘தி விட்சர்’ கேமில் வேறு வழியைப் பிடித்தது. ஆற்றங்கரையில் சரக்குப் பெட்டிகளுக்குக் காவல் இருக்கும் நாயகன் கெரால்ட்டிடம், எல்ஃப் இனக் கிளர்ச்சியாளர்கள் வந்து அவற்றைக் கேட்கிறார்கள். கொடுத்தால், அடுத்த அத்தியாயத்தில் ஒரு வழக்கை விசாரிக்கப் போகும்போது, தகவல் சொல்ல வேண்டிய ஆள் அந்தக் கிளர்ச்சியாளர்களின் அம்பு தைத்துக் கிடப்பான். இந்தத் தாமதம் முக்கியமானது. விளைவு உடனே தெரிந்தால், முன்பு சேமித்துவைத்த ஆட்ட நிலையை (சேவ்) திறந்து முடிவை மாற்றிவிடலாம். பல மணி நேரம் கழித்துத் தெரிந்தால், அத்தனை ஆட்டத்தையும் தூக்கிப்போட யாருக்கும் மனம் வராது; செய்ததோடு வாழ்ந்தாக வேண்டும்.

2015-இல் வந்த ‘விட்சர் 3’ இதை உச்சத்துக்குக் கொண்டுபோனது. வெலன் என்ற சதுப்பு நிலப் பகுதியில், குன்றின் அடியில் ஒரு மரத்துக்குள் ஆவி ஒன்று சிறைப்பட்டிருக்கிறது. விடுவித்தால், சூனியக்காரிகளிடம் சிக்கிய அநாதைக் குழந்தைகளைக் காப்பாற்றுவதாக அது கெஞ்சுகிறது. கதையின் வழக்கமான வரிசையில் வந்து அதை விடுவித்தால் குழந்தைகள் பிழைக்கிறார்கள். ஆனால் பக்கத்துக் கிராமம் அழிகிறது. குழந்தைகள் தப்பியதற்காகச் சூனியக்காரிகள், அவர்களைப் பார்த்துக்கொண்ட அன்னாவைத் தண்டிக்க, அவள் இறந்துபோகிறாள். அவள் கணவனான கோட்டைத் தலைவன் தூக்கில் தொங்குகிறான். ஆவியைக் கொன்றால் கிராமம் தப்பும், அன்னா மனம் பேதலித்து உயிரோடு இருப்பாள். குழந்தைகள் காணாமல் போய்விடுவார்கள். எந்தப் பக்கம் போனாலும் முழு நன்மை இல்லை. இதை ஏமாற்று வேலை என்று சொல்ல முடியாது. அந்த ஆவியின் கொடூரமான பழங்கதை கேமுக்குள் கிடைக்கும் ஒரு புத்தகத்திலேயே இருக்கிறது. தேடிப் படித்தவருக்கு எச்சரிக்கை கிடைக்கும்.

2008-இன் ‘ஃபால்அவுட் 3’-இல் வரும் டென்பென்னி கோபுரம் இன்னும் கசப்பானது. அணுக்கதிரால் உருக்குலைந்த கூல்களைப் பணக்காரக் குடியிருப்பாளர்கள் உள்ளே விட மறுக்கிறார்கள். விளையாடுபவர் தூது போய் இரு தரப்பையும் சேர்த்துவைத்தால் நற்பெயர்ப் புள்ளி கிடைக்கும். சில நாள் கழித்துத் திரும்பி வந்தால், மனிதர்கள் அத்தனை பேரும் கொல்லப்பட்டிருப்பார்கள். கூல்களின் தலைவன் ராய் பிலிப்ஸின் பேச்சில் வெறுப்பு ஆரம்பத்திலிருந்தே தெரிகிறது என்பதால் கதை நியாயமானதுதான். சமாதானத்துக்குப் புள்ளி கொடுத்துத் தட்டிக்கொடுத்ததுதான் தவறு.

பழைய சேவ் நிலையைத் திறந்து தப்பிக்கும் வழியையே அடைத்தது, டோபி ஃபாக்ஸ் 2015-இல் வெளியிட்ட ‘அண்டர்டேல்’. பாசத்தோடு அடைக்கலம் தந்த டோரியலைக் கொன்றுவிட்டு, மனம் கேட்காமல் பழைய சேவுக்குப் போய் அவளைப் பிழைக்கவைத்தாலும், ஃப்ளவி என்ற பூ அதை நினைவில் வைத்திருந்து குத்திக்காட்டும். எல்லோரையும் கொன்று கேமை முடித்தவர், அழிந்த உலகத்தைத் திரும்பப் பெறத் தன் ஆன்மாவைக் கொடுக்க வேண்டும். அதன் பிறகு ஒருவரையும் கொல்லாமல் ஆடி முடித்தாலும், கடைசிக் காட்சி அவருக்கு மாறித்தான் வரும்.