ஒட்டுப்போட்ட ஞாபகங்கள்

பழைய போட்டோவைக் கம்ப்யூட்டரில் மாற்றினால் அது மோசடியா, நினைவஞ்சலியா? பெங்களூரில் வளர்ந்த ஒரு கலைஞரின் படைப்புகள் எழுப்பும் கேள்வி.

மகளின் கல்யாண ஆல்பத்தில் அப்பா சிரித்தபடி நிற்கிறார். அவர் இறந்து ஆறு வருடமாகிறது. எதற்கோ எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படத்திலிருந்து தலையை மட்டும் வெட்டி, யாரோ ஒருவரின் பட்டு வேட்டி சட்டைக்கு மேல் பொருத்தி, மணமேடைக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார் ஸ்டுடியோக்காரர். தமிழ்நாட்டின் எந்தச் சிறு நகரத்திலும் நடக்கிற வேலைதான். நிஜமல்ல என்று குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கூடத்தில் மாட்டப்படுவது அந்தப் படம்தான்.

கிட்டத்தட்ட இதே காரியத்துக்காக ஒருவருக்கு வேலை போயிருக்கிறது. 2003இல் இராக் யுத்தத்தின்போது, பாஸ்ரா நகருக்கு வெளியே பிரிட்டிஷ் சிப்பாய் ஒருவர் பொதுமக்களைப் பதுங்கச் சொல்லிக் கையசைக்கும் காட்சியை எடுத்தார் 'லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ்' புகைப்படக்காரர் பிரையன் வால்ஸ்கி. சில நொடி இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை அழகுக்காக லேப்டாப்பில் ஒன்றாக்கி அனுப்பினார். பின்னணிக் கூட்டத்தில் சிலர் இரண்டு முறை தெரிந்தார்கள். குட்டு உடைந்தது, பத்திரிகை அவரை நீக்கியது.

ஸ்டுடியோக்காரர் செய்தது குற்றமில்லை, வால்ஸ்கி செய்தது குற்றம். வித்தியாசம் ஒன்றுதான்: ஒட்டு இருப்பது பார்ப்பவருக்குத் தெரியுமா, தெரியாதா?

ஒட்டை மறைக்காமலே வேலை செய்பவர் அன்னு பாலக்குன்னத்து மாத்யூ. 1964இல் இங்கிலாந்தில் பிறந்து, பெங்களூரில் வளர்ந்து, சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்து, பின்னர் அமெரிக்கா போய்ப் புகைப்படக் கலைஞரானவர். ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்தார். இந்தியப் பயணங்களில் அவர் பயன்படுத்தியது ஹோல்கா என்ற மலிவான பிளாஸ்டிக் கேமராவை. படத்தின் ஓரங்கள் இருண்டு கலங்கும். ஊரைவிட்டுப் போனவருக்கு ஊர் ஞாபகத்துக்கு வருவதைப்போல. 'இந்திய நினைவுகள்' என்ற தொடர் அப்படிப் பிறந்தது.

அடுத்தது கொஞ்சம் குறும்பு. அமெரிக்காவில் 'நான் இந்தியன்' என்று சொன்னால் எந்த இந்தியன் என்ற விளக்கமும் தரவேண்டும். (நம் பாடப் புத்தகங்களும் கொலம்பஸின் தவறை அப்படியே வாங்கிக்கொண்டு 'செவ்விந்தியர்' என்றுதானே சொல்லிக்கொடுத்தன.) அந்நாட்டுப் பூர்வகுடிகளை வெள்ளைக்காரர்கள் எடுத்த பழுப்பேறிய பழைய படங்களைத் தேர்ந்தெடுத்தார் மாத்யூ. அதே தோரணையில், அதே வெளிச்சத்தில் தானும் நின்று, அதே பழுப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். முதல் பார்வைக்கு இரண்டும் ஒரே காலத்துப் படங்கள். இரண்டாம் பார்வையில் சிரிப்பு வரும், அப்புறம் சங்கடம்.

'திறந்த காயம்' அதைவிட ஆழமானது. 1947 பிரிவினையில் வீடு வாசலை விட்டு வந்த குடும்பங்களின் பழைய படங்களை ஸ்கேன் செய்தார். அதே குடும்பத்தினரை இப்போது படமெடுத்தார். இரண்டையும் அசையும் படமாக்கினார். ஒரு முகம் மெல்லக் கரைந்து அடுத்த தலைமுறை முகமாகிறது. இன்று செல்போன் ஆப்கள்கூட இறந்தவர்களைக் கண் சிமிட்ட வைக்கின்றன. ஆனால் ஆப் தருவது உயிரோடிருப்பதான பாவனை. மாத்யூவின் படங்களில் இடையே போன வருடங்கள்தான் தெரிகின்றன. அந்த வித்தியாசம் சின்னதல்ல.

இடங்களை வைத்து இதைச் செய்பவர்களும் உண்டு. ரஷ்யாவின் செர்கேய் லரென்கோவ், 872 நாள் முற்றுகையில் தவித்த லெனின்கிராடின் பழைய படங்களோடு இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தெருக்களுக்குப் போனார். அன்றைய கேமரா நின்ற இடத்தைத் தேடிப் பிடித்து, அதே கோணத்தில் எடுத்து, இரண்டையும் கலந்தார். கார்கள் ஓடும் சாலையில் 1942இன் ஜனங்கள் கறுப்பு வெள்ளையில் நடக்கிறார்கள். வண்ணம் எங்கே முடிகிறதோ அங்கே ஒட்டு. அதை அவர் மறைப்பதில்லை.

எல்லோருக்கும் ஒட்டுவதற்குப் படம் இருக்கிறதா என்ன? யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் தமது 'முற்றுப்பெறாத தோம்பு' (2011) நூலில், யுத்தத்தில் இடம்பெயர்ந்தவர்களிடம் இழந்த வீட்டை ஞாபகத்திலிருந்து வரைந்து தரச் சொன்னார். கிணறும் பூவரச மரமும் எந்தப் பக்கம் என்பது மறந்துபோகாது. ஆல்பம் இல்லாதவர்களுக்கு அந்தக் கோடுகள்தான் போட்டோ.

மாத்யூவின் 'நினைக்கப்படாதவர்கள்' என்ற படைப்பு இரண்டாம் உலக யுத்தத்தில், குறிப்பாக இத்தாலியில் போரிட்ட இந்தியச் சிப்பாய்களைப் பற்றியது. அந்த யுத்தத்தில் 25 லட்சம் இந்தியர்கள் ராணுவத்தில் இருந்தார்கள். 87,000 பேர் திரும்பவில்லை. பிரிட்டனுக்கு அவர்கள் காலனிச் சிப்பாய்கள். சுதந்திர இந்தியாவுக்கோ வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவர்கள். இரண்டு பக்கமும் கொண்டாட ஆளில்லை.

இந்தக் கதையில் பெங்களூருக்கும் தமிழர்களுக்கும் நேரடிப் பங்குண்டு. அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் ஆட்களை ராணுவம் இன்றும் 'தம்பி' என்றுதான் அழைக்கிறது. அந்தப் படையின் சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிஞ்ஞானோவில் கண்ணிவெடி அகற்றும் குழுவை நடத்திச் சென்றார். பின்னால் வந்தவர் ஒரு கண்ணியை மிதித்துவிட்டார். அது வெடிக்கச் சில நொடிகளே இருந்தன. சுப்பிரமணியன் அதன்மேல் விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றினார். இறந்த பிறகு ஜார்ஜ் கிராஸ் பதக்கம் வந்தது.

அதே வருடங்களில் ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இத்தாலியச் சிப்பாய்கள் பெங்களூரைச் சுற்றிய முகாம்களில் கைதிகளாக இருந்தார்கள். ஜாலஹள்ளியில் அடைபட்டவர்களுக்கு நேப்பிள்ஸ் ஞாபகம் வந்திருக்கும். நேப்பிள்ஸுக்கு வடக்கே மலையடிவாரத்தில் நின்ற தம்பிகளுக்கு அல்சூர் ஏரி. லரென்கோவின் கத்தரிக்கும் மாத்யூவின் பொறுமைக்கும் இதைவிடப் பொருத்தமான இரண்டு ஊர்கள் அமையாது.

சுப்பிரமணியனுக்குக் கல்லறை இல்லை. இத்தாலியின் சாங்ரோ நதிக்கரைப் போர்க் கல்லறைத் தோட்டத்தில், தகனம் செய்யப்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கான நினைவிடத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது.