டிரெய்லர் சக்கரத்துக்கு ஏற்ற முட்டுக்கட்டை



நல்ல காரியத்துக்கு யாராவது முட்டுக்கட்டை போட்டால் நமக்குக் கோபம் வரும். ஆனால் முட்டுக்கட்டை போட்டே தீரவேண்டிய இடம் ஒன்று உண்டு. பாரத்தோடு நிற்கிற டிராக்டர் டிரெய்லரின் சக்கரம்தான் அது.

"அதுக்கென்னங்க, கிடக்கிற கல்லை எடுத்து வெச்சாப் போச்சு" என்று சொல்வீர்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். டிரெய்லரும் கரும்பும் சேர்ந்து 5 டன். நிற்கிற இடம் 20 அடிக்கு 1 அடி இறக்கம். பார்த்தால் பெரிய இறக்கமாகத் தெரியாது. ஆனால் வண்டியைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை சுமார் 250 கிலோ எடைக்குச் சமம். 10 அடிக்கு 1 அடி இறக்கமானால் 500 கிலோ! உருண்டுவிட்ட வண்டியை நாலு பேர் சேர்ந்தாலும் பிடிக்க முடியாது.

டிராக்டர் மாட்டியிருக்கும் வரை அதன் பிரேக் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பின்னை உருவிவிட்டால்? பல டிரெய்லர்களில் தனி பிரேக் கிடையாது. அப்போது கட்டைதான் காவல். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டமும், பொது இடத்தில் ஓட்டுநர் இல்லாமல் நிற்கும் வண்டி தானாக நகராதபடி ஏற்பாடு செய்யவேண்டும் என்கிறது.

கல் ஏன் ஆகாது? உருண்டைக் கல் சக்கரத்தோடு சேர்ந்து உருளும். செங்கல் பாரத்தில் நொறுங்கும். இன்னொரு கெடுதலும் உண்டு. வண்டியை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் கல்லை ரோட்டிலேயே விட்டுப் போய்விடுகிறார்கள். ராத்திரியில் மோட்டார் சைக்கிளில் வருகிறவர் அதில் மோதி விழுந்தால், அந்தப் பாவம் யாருக்கு?

சரி, கட்டை எப்படி இருக்கவேண்டும்? உயரம்தான் முக்கியம். டயரின் மொத்த உயரத்தில் கால் பங்காவது இருக்கட்டும். டயர் 32 அங்குலமானால் கட்டை 8 அங்குலம். அதற்குக் குறைந்தால் பாரவண்டி கட்டைமேல் ஏறித் தாண்டிவிடும். அகலம் டயரின் அகலத்துக்குக் குறையக்கூடாது. அடிப்பாகம் உயரத்தைவிட நீளமாக இருந்தால் கட்டை குப்புறக் கவிழாது. டயரைத் தொடும் பக்கத்தைச் சரிவாக இழைக்கச் சொல்லுங்கள்.

கருவேலம், புளி போன்ற வைரம் பாய்ந்த மரம் நல்லது. வெடிப்பு விட்டதும் உளுத்ததும் வேண்டாம். சிமெண்டுத் தரையில் வழுக்காமலிருக்க, அடியில் பழைய டயர்த் துண்டை ஆணியால் அடித்துவிடுங்கள். ஆணித் தலை வெளியே நீட்டக்கூடாது. சேற்று நிலத்தில் கட்டை புதைந்துபோகும். அடியில் பலகை போட்டு அதன்மேல் வையுங்கள்.

நாலு சக்கர டிரெய்லருக்கு நாலு கட்டை வைத்துக்கொள்ளுங்கள். பல டிரெய்லர்களில் முன் அச்சு, டிராக்டரோடு மாட்டுகிற தண்டோடு சேர்ந்து திரும்பும். தண்டை யாராவது தள்ளினால் முன்சக்கரம் திரும்பி, கட்டையை விட்டு விலகிவிடும். ஆகவே திரும்பாத பின்சக்கரங்களுக்கே முதலில் கட்டை போடுங்கள். சரிவில் நின்றால் இரண்டு பின்சக்கரத்துக்கும் இறக்கப் பக்கம். மீதி இரண்டை முன்சக்கரங்களுக்கு அதே பக்கம். சமதரையானால் பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும். பஞ்சர் பார்க்க ஜாக்கி போடும்போது, தூக்குகிற சக்கரத்தில் வைத்த கட்டையால் பயனில்லை. தரையில் இருக்கிற சக்கரங்களுக்குப் போடுங்கள்.

கட்டை டயரின் நடுவில், நேராக, இடைவெளி இல்லாமல் ஒட்டி இருக்கவேண்டும். முதலில் கட்டை, பிறகுதான் பின்னை உருவுவது. எடுக்கும்போது, முதலில் டிராக்டரை மாட்டி, பிரேக் போட்டு, அப்புறம்தான் கட்டை. கட்டை இறுகியிருந்தால் டிராக்டரைக் கொஞ்சம் மேட்டுப் பக்கம் நகர்த்தி, மறுபடி பிரேக் பிடித்த பிறகு எடுங்கள். கட்டையில் ஒரு கயிறு கட்டிவைத்தால் பக்கத்தில் நின்றே இழுத்துக்கொள்ளலாம். வண்டிக்குக் கீழ்ப்புறம் யாரும் நிற்கக்கூடாது. நிற்கிற டிரெய்லரில் பிள்ளைகளை ஏறி விளையாட விடாதீர்கள்.

நாலு கட்டையும் டிரெய்லரிலேயே ஒரு சங்கிலியில் தொங்கட்டும். தேடுகிற நேரத்தில் கைக்குக் கிடைக்காத கட்டை, இல்லாத கட்டைதானே! தச்சரிடம் அரை நாள் வேலை. ஓர் உயிரின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே இல்லை.