இரண்டு வோல்ட் எங்கே போனது?

ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில், இருங்காட்டுக்கோட்டையின் 3.717 கிலோமீட்டர் ரேஸ் ட்ராக்கில் ஓடியிருக்கும் கார்களில் மாருதி எஸ்டீமும் ஹோண்டா சிட்டியும் உண்டு. நம் தெருவில் நின்ற அதே வண்டிகள்தான். சீட்டையும் ஏசியையும் கழற்றி, இன்ஜினைத் திருத்தி, விதி அனுமதிக்கிற இடங்களில் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான கம்பெனி ஈசியூவை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பார்கள். இப்படி மாற்றிக் கட்டிய கார்கள் உலகெங்கும் உண்டு. அவற்றின் வியாதியும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். நிறுத்தி வைத்தால் அருமையாக ஓடும், ட்ராக்கில் நாலாவது சுற்றில் மிஸ்ஸிங் அடிக்கும்.

உடனே காயிலை மாற்றுவார்கள். பிறகு இன்ஜெக்டர். பிறகு, பணம் இருந்தால், ஈசியூ. பெரும்பாலும் இவற்றில் எதுவும் கெட்டிருக்காது.

பெட்ரோல் பம்பையே எடுத்துக்கொள்வோம். ஓடும்போது அது சுமார் 10 ஆம்பியர் இழுக்கிறது. பின்பக்கம் பாடியில் அதன் எர்த் போல்ட்டின் அடியில் பெயின்ட் சரியாகச் சுரண்டப்படவில்லை, அந்த இணைப்பில் 0.2 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். பத்தை 0.2 ஆல் பெருக்கினால் 2 வோல்ட். ஆல்டர்னேட்டர் 13.8 வோல்ட் கொடுத்தாலும் பம்புக்குக் கிடைப்பது 11.8. காணாமல்போன 2 வோல்ட் அந்த போல்ட்டில் 20 வாட் சூடாக வெளியேறுகிறது. சூடேறச் சூடேறத் தடையும் கூடும். பம்ப் மெதுவாகச் சுற்றும். மெதுவாகப் போகும்வரை பெட்ரோல் போதும். நீளமான நேர்ப்பாதையில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தினால்தான் பற்றாக்குறை தெரியும். அப்போது வரும் மிஸ்ஸிங்கைக் கேட்டுவிட்டு, காயில் போச்சு என்பார் பக்கத்தில் நிற்பவர்.

இந்தக் கோளாறை மல்டிமீட்டரின் 'பீப்' சத்தத்தை வைத்துப் பிடிக்க முடியாது. கண்டினியூட்டி சோதனையில் மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய கரண்ட். வயரில் பத்தொன்பது இழைகளில் பதினெட்டு அறுந்திருந்தாலும் அது பீப் என்றுதான் சொல்லும். பம்பை ஓடவிட்டு, மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை பம்பின் எர்த் பின்னிலும் தொட வேண்டும். 0.1, 0.2 வோல்ட் என்றால் விட்டுவிடலாம். ஒரு வோல்ட்டைத் தாண்டினால் அந்த வழியில்தான் திருடன். பிளஸ் பக்கமும் இதே மாதிரி. நூறு ரூபாய் செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் ஆயிரக்கணக்கில் பாகம் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

எர்த்தின் இன்னொரு வேடம் இதைவிட சுவாரசியமானது. கூலன்ட் சென்சார் சூடேறினால் தடை குறையும். ஈசியூ அதன் வோல்ட்டேஜைப் பார்த்து வெப்பநிலையைக் கணிக்கிறது. வோல்ட்டேஜ் கூடினால், இன்ஜின் குளிர்ந்திருக்கிறது என்று பொருள். சென்சாரின் எர்த்தை ரேடியேட்டர் ஃபேனின் எர்த்தோடு சேர்த்துக் கட்டியிருந்தால், ஃபேன் சுற்றத் தொடங்கியதும் அந்தப் புள்ளியின் வோல்ட்டேஜ் சற்றே உயரும். திரையில் வெப்பநிலை சட்டென்று இறங்கும். 'ஃபேன் நல்லா வேலை செய்யுது' என்று பார்ப்பவர் மகிழ்வார். ஆனால் லிட்டர் கணக்கான தண்ணீர் கண்சிமிட்டும் நேரத்தில் குளிராது. ஈசியூவோ அதை நம்பி பெட்ரோலைக் கூட்டும், ஃபேனை நிறுத்தும், உடனே வெப்பநிலை ஏறியதாகக் கண்டு மறுபடி போடும். அதனால்தான் சென்சார்களின் எர்த் தனி வயரில் நேராக ஈசியூவுக்கே திரும்ப வேண்டும் என்பார்கள்.

கிராங்க் சென்சாரின் தொல்லை வேறு ரகம். அது பார்ப்பது கிராங்கோடு சுற்றும் ஒரு பல்சக்கரத்தை. ஃபோர்டு வழக்கில் வந்த சக்கரத்தில் பல்லுக்கு 36 இடங்கள், அதில் ஒன்று காலி. அந்தக் காலியிடத்தை வைத்துத்தான் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று ஈசியூ அறிகிறது. 7200 ஆர்பிஎம்மில் ஒரு நொடிக்கு 4320 இடங்கள் கடந்து போகும். பக்கத்தில் ஸ்பார்க் வயர் ஓடினால், அதன் இரைச்சலில் இல்லாத பல் ஒன்று இருப்பதாகத் தோன்றலாம். எண்ணிக்கை தவறியதும் ஈசியூ பாதுகாப்புக்காக ஸ்பார்க்கை நிறுத்திவிடும். சென்சார் வயருக்கு உறை போட்டு, அந்த உறையை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்தால் பெரும்பாலும் அடங்கும். மெகாஸ்குவர்ட் போன்ற ஈசியூக்கள் எத்தனை முறை எண்ணிக்கை தவறியது என்பதையும் லாகில் எழுதி வைக்கும். ஓட்டுநரின் வர்ணனையைவிட அதைத்தான் நான் நம்புவேன்.

சால்டரிங் பற்றி ஒரு வார்த்தை. ஈயம் வயர் இழைகளுக்குள் ஏறி அந்தத் துண்டை விறைப்பாக்கிவிடுகிறது. அதிரும் வண்டியில் ஈயம் முடியும் இடத்தில்தான் வயர் முறியும். ஆகவே ரேஸ் வயரிங்கில் நல்ல கருவியால் கிரிம்ப் செய்வதே, அதாவது முனையை வயரோடு நசுக்கிப் பிடிப்பதே, வழக்கம்.

பாகம் உண்மையிலேயே கெடுவதும் உண்டு. 2012 வேலன்சியா ஃபார்முலா 1 போட்டியில் முன்னணியில் போன செபாஸ்டியன் வெட்டலை நிறுத்தியது ஆல்டர்னேட்டர்; அதே நாளில் ரொமைன் குரோஜானின் காரும் அதே காரணத்தால் நின்றது. ஆனால் கெட்டது பாகம்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? புதியதைப் போட்டதும் கோளாறு போய்விட்டால், பழையதையே திரும்ப மாட்டிப் பார்க்க வேண்டும். கோளாறு திரும்பி வந்தால் பாகம் கெட்டதுதான். வராவிட்டால், கழற்றி மாட்டியதில் கனெக்டரின் பின்னில் படிந்திருந்த அழுக்கு தேய்ந்து போயிருக்கிறது. அடுத்த ரேஸுக்குள் அந்தப் பின்னை மாற்றிவிடுங்கள்.