கொச்சியில் ஓர் இரவு, இரண்டு படுக்கை

வெள்ளிக்கிழமை இரவு சென்னை சென்ட்ரலில் ஆலப்புழை எக்ஸ்பிரஸ் ஏறினால் சனிக்கிழமை காலை எர்ணாகுளம் சந்திப்பு. ஞாயிறு மாலை திரும்பும் ரயிலைப் பிடித்தால் திங்கள் காலை வீடு. குளித்துவிட்டு ஆபீஸ் போய்விடலாம். நடுவில் கிடைப்பது ஒரு முழுப் பகல், ஓர் இரவு, அரைப் பகலுக்குச் சற்றுக் கூடுதல். இதற்குள் கொச்சி நகரம் முழுவதையும் பார்க்க முடியாது. ஆனால் ஃபோர்ட் கொச்சியையும் மட்டாஞ்சேரியையும் நடந்தே பார்த்துவிடலாம்.

நானும் என் கல்லூரித் தோழியும் அப்படித்தான் போனோம். இருவருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. ஒரே ஊரில் இருந்தும் கல்யாண வீடுகளில்தான் சந்தித்துக்கொள்கிறோம். அங்கே பேச்சு பிள்ளைகளின் படிப்பையும் பெற்றோரின் மருந்து மாத்திரையையும் தாண்டுவதில்லை. “ரெண்டு நாள் எங்கேயாவது போய் நடக்கலாம்டி. தூங்க ஒரு படுக்கை இருந்தா போதும்” என்று அவள்தான் ஆரம்பித்தாள். ஹாஸ்டலும் அவள் பார்த்து வைத்ததுதான்.

இந்த ஹாஸ்டல் பயணிகளுக்கானது. அறை வாடகை கிடையாது, படுக்கைக்கு வாடகை. இந்த முறையின் தொடக்கம் ஜெர்மனியில். 1909-இல் ரிச்சர்ட் ஷிர்மன் என்ற பள்ளி ஆசிரியர் மாணவர்களோடு நடைப்பயணம் போனபோது புயலில் சிக்கி, ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் வைக்கோல் பரப்பி அவர்களைத் தூங்க வைத்தார். விடுமுறையில் காலியாகக் கிடக்கும் பள்ளிகளில் நடந்துவரும் பிள்ளைகள் தங்கினால் என்ன என்று அந்த இரவில் அவருக்குத் தோன்றியது. 1912-இல் ஆல்டேனா கோட்டையில் முதல் நிரந்தர யூத் ஹாஸ்டல் வந்தது.

நாங்கள் தங்கியது பெண்களுக்கான டார்மிட்டரி. ஆறு பேருக்கான அறை, அடுக்குக் கட்டில்கள். மேல் படுக்கை அவளுக்கு, கீழ்ப் படுக்கை எனக்கு. ஒவ்வொரு படுக்கைக்கும் ஒரு திரை, ஒரு சின்ன விளக்கு, செல்போன் சார்ஜ் செய்ய ஒரு பிளக். கட்டிலுக்கு அடியில் இரும்பு லாக்கர். பூட்டு நாம்தான் கொண்டுபோக வேண்டும். ஆளுக்கு 600 ரூபாய் கொடுத்தோம். ஆதார் அட்டையைப் பார்த்தார்கள், பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார்கள், அவ்வளவுதான். பெண்கள் ஹாஸ்டல் தேடும்போது பெண்களுக்குத் தனி அறையும் தனிக் குளியலறையும் உண்டா, இரவில் வரவேற்பில் ஆள் இருப்பார்களா என்ற இரண்டையும் போனில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. படத்தை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

எர்ணாகுளம் படகுத் துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்குக் கேரள நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகு இருக்கிறது. 2023-இல் தொடங்கிய வாட்டர் மெட்ரோவின் மின்சாரப் படகுகளும் வந்துவிட்டன; ஏசி, கண்ணாடி, சத்தமே இல்லாத ஓட்டம். எனக்குப் பழைய படகுதான் பிடித்தது. காற்று முகத்தில் அடிக்கும். பக்கத்தில் மீன் கூடையோடு ஒரு அம்மா உட்கார்ந்திருப்பார். போகும் வழியில் தெரியும் வில்லிங்டன் தீவின் பெரும்பகுதி இயற்கையானது அல்ல. துறைமுகத்துக்காகக் காயலை ஆழப்படுத்தியபோது எடுத்த மண்ணைக் கொட்டி உண்டாக்கியது. அதைச் செய்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவை 1920-இல் இங்கே அனுப்பியவர் அன்றைய சென்னை மாகாண ஆளுநர் வில்லிங்டன் பிரபு.

சென்னைக்கும் ஃபோர்ட் கொச்சிக்கும் உள்ள உறவு அதோடு முடியவில்லை. ஆங்கிலேயர் காலத்தில் ஃபோர்ட் கொச்சி மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. மலபார் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. 1956 வரை அப்படித்தான். பக்கத்திலேயே இருக்கும் மட்டாஞ்சேரியோ கொச்சி ராஜாவின் ஊர். இன்று ஆட்டோவில் சில நிமிடத்தில் போகும் தெருக்களுக்கு நடுவே ஓர் எல்லைக்கோடு ஓடியிருக்கிறது. அது தெரிந்தபின் அந்த வழியை நடந்தே கடக்க வேண்டும் என்று எங்களுக்கு ஆசை வந்துவிட்டது.

சனிக்கிழமை மட்டாஞ்சேரி அரண்மனை. வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை; யூதர்களின் தொழுகைக்கூடம் சனிக்கிழமை மூடியிருக்கும். இரண்டையும் பார்க்க நினைப்பவர்கள் இந்தக் கணக்கை மறக்கக் கூடாது. 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் போர்த்துகீசியர் ராஜாவுக்குக் கட்டிக்கொடுத்த அரண்மனை அது. 1663-இல் கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர்கள் அதைப் பழுதுபார்த்ததால் பெயர் மட்டும் டச்சு அரண்மனை. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண ஓட்டு வீடு. உள்ளே பள்ளியறைச் சுவர் முழுக்க ராமாயணம். காவியும் பச்சையுமாக, ஓர் அங்குலம் விடாமல் உருவங்கள். அந்த அறையைவிட்டு வர எங்களுக்கு மனமே வரவில்லை. சீன மீன்பிடி வலைகளையும், வாஸ்கோ ட காமாவை 1524-இல் முதலில் புதைத்த புனித பிரான்சிஸ் தேவாலயத்தையும் மாலையில் பார்த்தோம்.

இரவு ஹாஸ்டல் மொட்டை மாடியில் பேச்சு தொடங்கியது. அவள் வேலையை விட்டதற்கான உண்மைக் காரணம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பகல் முழுக்கச் சேர்ந்து நடந்த களைப்பு அந்தப் பேச்சுக்கு வழிவிட்டது என்று நினைக்கிறேன். ஹோட்டல் அறையில் ஆளுக்கொரு கட்டிலில் டிவி பார்த்துத் தூங்கியிருப்போம். அறையில் விளக்கணைக்கும் நேரத்துக்கு எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காத ஒழுங்கு அது; எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஞாயிறு காலை 1568-இல் கட்டிய தொழுகைக்கூடம். செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தால் காலுக்கடியில் சீனாவிலிருந்து வந்த, கையால் நீலம் தீட்டிய ஓடுகள். அங்கிருந்து திரும்பி ஃபோர்ட் கொச்சியின் வெளி என்ற பகுதிக்கு வந்தோம். அங்கே இருக்கிறது தோபி கானா. பட்டாளத்துச் சீருடைகளை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து வரவழைக்கப்பட்ட குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே துணி வெளுக்கிறார்கள். வரிசையாகத் துவைகற்கள், தொட்டிகள், கஞ்சிப் பாத்திரங்கள். கிளிப் கிடையாது, முறுக்கிய இரட்டைக் கயிற்றுக்கு நடுவில் துணியின் நுனியைச் செருகிவிடுகிறார்கள். எவ்வளவு காற்றடித்தாலும் விழுவதில்லை. நாங்கள் பேசுவதைக் கேட்டு, கரிப்பெட்டியால் தேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்தார்.

“எந்த ஊரும்மா?”

“சென்னைங்கய்யா.”

“நாங்களும் அந்தப் பக்கத்து ஆளுங்கதான். வந்து பல தலைமுறை ஆச்சு” என்றார், தமிழிலேயே.

அவர் தேய்த்து அடுக்கிய வெள்ளை விரிப்புகள் எல்லாம் சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதிகளுக்குப் போகிறவை. கொச்சிக்குப் போகிறவர்கள் சீன வலையோடு நின்றுவிடாமல் இங்கேயும் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். அவர்கள் உழைப்பைப் படமெடுக்குமுன் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுக்கலாம்.

திரும்பும் ரயிலிலேயே அடுத்த ஊரை முடிவு செய்துவிட்டோம்: தஞ்சாவூர். பெரிய கோயிலை விடியும்போதும் இருட்டும்போதும் பார்க்க வேண்டும். சரஸ்வதி மகால் நூலகத்துக்கு ஒரு காலைப்பொழுது வேண்டும். ரயில் கிடைத்துவிட்டது. கோயிலுக்கு நடக்கும் தூரத்தில், பெண்களுக்குத் தனி அறையும் பூட்டுகிற லாக்கரும் உள்ள ஹாஸ்டலைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.