நாற்காலி கிடைத்தது, அளவு யார் பார்த்தது?

சக்கர நாற்காலி வழங்கும் முகாம்களில் எடுத்த படங்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சிறுமியும் வாட்டசாட்டமான பெரியவரும் ஒரே அளவு நாற்காலியில் அமர்ந்திருப்பதைக் காணலாம். நாற்காலி கொடுத்தாயிற்று என்று கணக்கு முடிந்துவிடுகிறது. உட்காருபவருக்குத் தொல்லை தொடங்குவதே அதன் பிறகுதான்.

பெரியவர்களுக்கென்று கடைகளில் பெரும்பாலும் விற்பது 18 அங்குல அகலம். ஒல்லியான ஆள் அதில் உட்கார்ந்தால் இருபுறமும் இடம் காலியாகக் கிடக்கும், உடம்பு தானாக ஒரு கைப்பிடிமேல் சாயும். எடையில் பெரும்பகுதி அந்தப் பக்கத்து எலும்பில் இறங்கும். மடக்கு நாற்காலியின் ரெக்சின் இருக்கை நாளடைவில் தூளி மாதிரி தொய்ந்துவிட்டால் கோணல் இன்னும் கூடும். இருக்கை ஆழம் அதிகமென்றால், முதுகை எங்காவது சாய்ப்பதற்காக ஆள் முன்னால் சறுக்கிச் சறுக்கி வாலெலும்பில் உட்காருவார். "நிமிர்ந்து உட்காரேன்" என்று வீட்டில் அதட்டுவார்கள். அவர் என்ன செய்வார், பாவம்! நாற்காலி அப்படி.

அளவு பார்ப்பது பெரிய வித்தையில்லை. இடுப்பின் அகலம்தான் இருக்கையின் அகலம். முழங்காலின் பின்மடிப்புக்கும் இருக்கை விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். பாதம் கால்மிதியில் இருக்கும்போது தொடை முழுவதும் இருக்கையில் படிய வேண்டும். மிதி உயர்ந்தால் எடை முழுக்கப் பிட்டத்து எலும்புகளுக்குப் போகும். தாழ்ந்தால் மறுபடி சறுக்கல்.

இதையெல்லாம் வெறும் சௌகரியப் பேச்சாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு இடுப்புக்குக் கீழே வலி தெரியாமல் போகலாம். அழுத்தத்தில் ரத்த ஓட்டம் தடைபட்டு, தோல் உள்ளுக்குள்ளேயே அழுகத் தொடங்கினாலும் தெரியாது. அந்தப் புண் எலும்புவரை இறங்கி, ரத்தத்தில் கிருமி பரவி உயிரைப் பறித்ததும் உண்டு. நம்மவர்களின் மாநிறத் தோலில் சிவப்பு எளிதில் கண்ணில் படாது. ஆகவே இரவில் பிட்டத்தைத் தொட்டும், கண்ணாடி வைத்தும் பார்க்க வேண்டும். ஓரிடம் மட்டும் கறுத்தோ, சூடாகவோ, கெட்டியாகவோ இருந்து சிறிது நேரத்தில் மாறாவிட்டால், அது ஆறும்வரை அதன்மேல் உட்காரவே கூடாது. மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நாற்காலியில் போடும் மெத்தை சரியா என்று அறிய ஒரு சோதனை இருக்கிறது. அவர் உட்கார்ந்திருக்கும்போதே இன்னொருவர், உள்ளங்கை மேலே பார்த்திருக்க, பிட்டத்து எலும்புக்கு அடியில் விரல்களை நுழைக்க வேண்டும். விரல் நுனி அரை சென்டிமீட்டராவது மேலும் கீழும் அசைந்தால் பயமில்லை. நசுங்கி, இழுத்தெடுக்கச் சிரமப்பட்டால் அந்த மெத்தை ஆபத்து. நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையத்தை நல்லதென்று நம்பிப் பலர் வாங்குகிறார்கள். அது சுற்றியுள்ள தோலை நெருக்கி ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், வேண்டாம். எந்த மெத்தையானாலும் அரைமணிக்கு ஒருமுறையாவது முன்னாலோ பக்கவாட்டிலோ சாய்ந்து இரண்டு நிமிடம் இருக்க வேண்டும். கை ஊன்றி எம்புவதும் உதவும். ஆனால் அதை அவ்வளவு நேரம் யாராலும் தாங்க முடியாது, தோளும் கெடும்.

இன்னோர் ஆபத்து, நாற்காலி கவிழ்வது. அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, பின்னால் மாட்டும் கனமான பை. அதோடு செங்குத்தான சாய்தளத்தில் ஏறினால் நாற்காலி மல்லாந்துவிடும். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பதுதான் சாய்தளத்துக்குச் சொல்லப்படும் கணக்கு. நம் ஊர்க் கட்டடங்கள் சிலவற்றில் இருப்பதைச் சாய்தளம் என்பதைவிடச் சறுக்குமரம் என்றே சொல்லலாம். நாற்காலியிலிருந்து இறங்கும்போது கால்மிதியில் ஏறி நிற்பதும் கூடாது. நாற்காலி முன்பக்கமாகக் கவிழும்.

உலக சுகாதார நிறுவனம் 2008லேயே, வசதி குறைந்த நாடுகளுக்கான வழிகாட்டுதலில், உடலை மதிப்பிடுவது, பொருத்திப் பார்ப்பது, பயிற்சி தருவது, பிறகும் தொடர்ந்து கவனிப்பது எல்லாம் சேர்ந்ததே நாற்காலி வழங்கல் என்று சொல்லிவிட்டது. இங்கே, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 24ஆவது பிரிவு, வருமான வரம்புக்கு உட்பட்டவர்களுக்கு உதவி உபகரணங்களை இலவசமாகத் தர அரசுகள் திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது. ஆகவே பொருந்தாத நாற்காலியை மாற்றக் கேட்பது நன்றிகெட்டதனம் ஆகாது.

முதலில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடமும் மனு தரலாம். அங்கே நகராவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதலாம். அவர் பரிந்துரைத்தால் சம்பந்தப்பட்ட துறை மூன்று மாதத்துக்குள் எடுத்த நடவடிக்கையையோ, ஏற்காததற்கான காரணத்தையோ தெரிவிக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கியது பழுதென்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணும், நுகர்வோர் ஆணையமும் இருக்கின்றன. அளவெடுத்துப் பொருத்த சென்னை கே.கே.நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் ஆலோசனை கேட்கலாம்.

மனுவில் "சக்கர நாற்காலி வேண்டும்" என்பதோடு நிறுத்தாமல் இடுப்பு அகலம், தொடை நீளம், முழங்காலிலிருந்து குதிகால்வரை உள்ள உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் எழுதுங்கள். அழுத்தம் குறைக்கும் மெத்தையும் வேண்டும் என்று தனி வரியில் கேளுங்கள். பிசியோதெரபிஸ்ட் கையெழுத்திட்ட சீட்டு இருந்தால் இணையுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.