வெள்ளிக்கிழமை வெந்நீர்

யூதர்களின் ஆப் மாதம் நம் ஆடியை ஒட்டி வரும். அதன் ஒன்பதாம் நாள் அவர்களுக்குப் பெருந்துக்க நாள். ஜெருசலேம் ஆலயம் கி.மு. 586இல் பாபிலோனியராலும் கி.பி. 70இல் ரோமர்களாலும் அழிக்கப்பட்டதை நினைத்து, முதல்நாள் சூரியன் சாய்ந்ததிலிருந்து மறுநாள் இருட்டும்வரை சோறு தண்ணீர் இல்லாமல் இருப்பார்கள். அன்றைக்கு விலக்கு ஐந்து: உண்பதும் குடிப்பதும், குளிப்பது, எண்ணெய் பூசுவது, தோல் செருப்பு, உடலுறவு. குளியலையும் எண்ணெயையும் தனித்தனியாக எண்ணியிருப்பதைக் கவனிக்க வேண்டும். இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளத் தமிழருக்கு உரையாசிரியர் தேவையில்லை.

நோன்பு வியாழக்கிழமையில் விழும் ஆண்டுகளில் (2020, 2023, 2026) ஒரு சிக்கல் வருகிறது. தால்முத்தின் கணக்குப்படி ஆலயத்துக்கு நெருப்பு வைத்தது ஒன்பதாம் நாள் பொழுது சாயும் நேரத்தில். எரிந்தது பத்தாம் நாள் முழுக்க. அப்படியானால் நோன்பைப் பத்தாம் நாளில் அல்லவா வைத்திருக்க வேண்டும் என்று ரபி யோகனான் கேட்டார். துயரம் தொடங்கிய நாளே முக்கியம் என்றார்கள் மற்றவர்கள். இரண்டு தரப்புக்கும் நடுவில் ஒரு வழக்கம் உருவானது. நோன்பு ஒன்பதில் முடியும். துக்கத்தின் வால் மட்டும் பத்தாம் நாள் நண்பகல்வரை நீளும். இறைச்சி, ஒயின், முடிவெட்டு, துணி துவைப்பு, குளியல் எல்லாம் அதுவரை நிறுத்தம்.

வியாழன் நோன்பென்றால் பத்தாம் நாள் வெள்ளி. வெள்ளி பொழுது சாய்ந்தால் சபாத், ஓய்வு நாள். அதில் அடுப்பு மூட்டக் கூடாது, வெந்நீர் வைக்கக் கூடாது. துவைத்துக் குளித்துத் தயாராவதற்கு இருப்பது அந்த ஒரு பகல்தான். அதில் பாதியைத் துக்கம் கேட்கிறது. முழுவதையும் சபாத் கேட்கிறது. யாருக்கு விட்டுக்கொடுப்பது?

சட்டம் சபாத்தின் பக்கம் சாய்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முடிவடைந்த 'மிஷ்னா பெரூரா' என்கிற சட்ட உரை, சபாத்தின் மரியாதைக்காக வெள்ளி காலையிலேயே குளிக்கலாம், முடி வெட்டலாம், துவைக்கலாம் என்கிறது. இறைச்சிக்கும் ஒயினுக்கும் இந்தச் சலுகை கிடையாது. நாக்கு காத்திருக்கட்டும், உடம்பைக் காக்க வைக்காதே. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

பழைய முன்னுதாரணமும் உண்டு. ரபி யெகூதா பர் இலாய் வெள்ளிதோறும் வெந்நீரில் முகம், கை, கால் கழுவிக்கொண்டு சபாத்துக்காக உட்கார்ந்திருப்பாராம். விருந்தாளி வருகிறார், அவ்வளவுதான். இங்கே குளியல் தீட்டைக் கழிப்பதற்கானது அல்ல. கையில் சேறு பட்டால் நோன்பு நாளிலேயேகூடக் கழுவலாம். விலக்கப்பட்டது சுகம், திருப்பித் தரப்படுவதும் சுகம்தான்.

நம்மிடம் குளியல் பற்றிய சொல்லாடல் முழுக்கத் தூய்மை/தீட்டு என்கிற இருமைக்குள் சிக்கிக் கிடக்கிறது. பிரமலைக் கள்ளர்களிடையே ஆய்வு செய்த லூயி துய்மோன் இந்த எதிர்வை வைத்தே சாதிச் சமூகம் முழுவதையும் விளக்கப் பார்த்தார். அவரை மறுத்தவர்களும் தண்ணீரைப் பற்றிப் பேச வந்தால் அதே சட்டகத்துக்குள்தான் நின்றார்கள். துக்கம் காப்பவன் குளிக்கக் கூடாது என்று வேடந்தாங்கலில் சொன்னால் சிரிப்பார்கள். சாவு வீட்டுக்குப் போய் வந்தால் முதல் வேலையே தலைக்கு ஊற்றிக்கொள்வதுதானே! ஆனால் எண்ணெயும் சீயக்காயும் என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறிவிடும். பச்சைத் தண்ணீரில் தலைமுழுகுவது தீட்டின் கணக்கு. எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிப்பது சுகத்தின் கணக்கு. இரண்டாவது கணக்கை நம் மானுடவியல் சரியாக வாசிக்கவே இல்லை என்பது என் எண்ணம்.

வாசித்திருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்கும். ஆண்களுக்குச் சனியும் பெண்களுக்கு வெள்ளியும் எண்ணெய்க் குளியல் நாள். எண்ணெய், மஞ்சள், வெந்நீர் என்று பெண்ணுக்கு வாரம் ஒருமுறை கிடைக்கும் இந்தச் சுகம் புருஷன் செத்ததும் பிடுங்கப்படுகிறது. எத்தனை நாளைக்கு? அதற்குக் கணக்கே கிடையாது. யூதச் சட்டத்தில் கணவனுக்கோ மனைவிக்கோ துக்கம் முப்பது நாள். முதல் ஏழு நாள் கடுந்துக்கத்தின் நடுவிலும் சபாத் வந்தால் வெளிப்படையான துக்கத்தை நிறுத்திவைக்க வேண்டும். அழுகை ஓயவில்லையே என்று யாரும் கேட்பதில்லை. மனசு ஆறட்டும் என்று விட்டால் ஆறாது என்று தெரிந்தே எழுதிய சட்டம்போலத்தான் படுகிறது.

யூதச் சட்டம் பெண்களிடம் கருணையானது என்று சொல்ல வரவில்லை. அதன் மாதவிலக்கு விதிகளைப் படித்தவர்களுக்கு அந்த மயக்கம் வராது. தவிர, சட்டம் ஊர்விட்டு ஊர் வந்தால் ஊரின் நிறமும் ஏறிக்கொள்ளும். கொங்கண் கரையில் வாழ்ந்த பெனே இஸ்ரவேலர் செக்கு ஆட்டிப் பிழைத்தவர்கள். சனிக்கிழமை வேலை செய்யாததால் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை வாணியர், என்று அழைக்கப்பட்டார்கள். ஆப் ஒன்பதை அவரை வகைப் பயறு முளைகட்டிச் சமைக்கும் 'பிர்டா' குழம்பின் பெயரால் அழைத்தார்கள். கைம்பெண் மறுமணத்துக்கு யூதச் சட்டத்தில் தடை இல்லை. இருந்தும் அக்கம்பக்கத்து இந்துக்களைப் போல அதைத் தவிர்த்தார்கள்.

என் அத்தைக்கு முப்பத்தொரு வயதில் மாமா போய்விட்டார். பதினாறாம் நாள் காரியத்தன்று அப்பாவும் சித்தப்பாவும் பிறந்த வீட்டுச் சார்பில் எண்ணெயும் சீயக்காயும் கொண்டுபோனார்கள். எல்லோரும் தலையில் வைத்துக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு அது துக்கம் முடித்த எண்ணெய், அத்தைக்குக் கடைசி எண்ணெய். எங்கள் ஊரில் ஏரிப் பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. விடியலில் வீடு வீடாகத் தண்ணீர் ஊற்றும் சத்தம்தான் கேட்கும். அதற்கு வெகு முன்னாலேயே அத்தை கிணற்றடியில், இருட்டில், பச்சைத் தண்ணீரில் குளித்து முடித்திருப்பாள். பிறகு வெந்நீர் அடுப்பை மூட்டுவாள். பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்காரவைத்து எண்ணெய் தேய்த்துவிடுவாள். மிச்சம் கையில் ஒட்டியிருக்கும் எண்ணெயைச் சீயக்காய்த் தூள் போட்டுக் கழுவிவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.