அச்சத்தின் நினைவும் மூளையின் வளர்ச்சிப் பொருளும்

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராதென்பது நாம் அறிந்த பழமொழி. அப்பூனையின் மூளையகத்தே நிகழ்வது யாது? எலியொன்றிற்கு ஓர் ஒலியைக் கேட்பித்து உடனே சிறு மின்னதிர்ச்சி தருவராயின், பின்னர் அவ்வொலி மாத்திரம் கேட்பினும் அஃது அசைவற்று உறைந்து நிற்கும். இந்நினைவு பதிதற்கு இன்றியமையாத இடம், வாதுமைக் கொட்டை வடிவினதாகிய அமிக்டலா என்னும் பகுதி. அங்கு நரம்பணுக்களின் பிணைப்பை வலுப்படுத்தும் பொருள்களுள் ஒன்று, பார்டே முதலிய அறிஞர் 1982ஆம் ஆண்டில் பன்றியின் மூளையினின்றும் பிரித்தெடுத்த பி.டி.என்.எப். என்னும் புரதமாம். அமிக்டலாவில் அதனை ஏற்கும் வாயிலை அடைத்துவிடின், எலி அச்சத்தைச் செவ்வனே கற்பதில்லை.

அங்ஙனமாயின் இப்புரதத்தைப் பகையெனத் தள்ளிவிடலாமோ? ஆகாது. 2010இல் வெளியான ஓராராய்ச்சியில், இதனையே எலியின் நெற்றிப்புற மூளைப் பகுதியொன்றிற் செலுத்த, அச்சம் தணிந்தது. பழைய நினைவோ அழிந்திலது; மீண்டும் அதிர்ச்சி தந்தவழி அச்சமும் மீண்டது. ஆகவே அச்சந் தணிதல் மறதியன்று, ஒலியால் தீங்கில்லை என்னும் இரண்டாவது கல்வியேயாம். இப்புரதத்தின் மரபணுவில் ஓரெழுத்து வேறுபட்ட சுண்டெலிகட்கும் மனிதர்க்கும் அக்கல்வி எளிதில் வாய்ப்பதில்லையென அதே ஆண்டில் மற்றோர் ஆய்வு காட்டிற்று. வெடியோசை கேட்குந்தோறும் நடுங்கும் போர்வீரரை நாம் கோழையென்று கூசாது கூறிவிடுகின்றோம். ஒருவர் விரைவில் தேற, மற்றவர் தேறாமைக்குரிய காரணங்களுள் இவ்வோரெழுத்தும் ஒன்றாதல் கூடும்.